இரும்பு பிளேட் வாங்கும்போது எங்களையும் கேளுங்கள்!

எங்கள் ஏர்வாடிப் பக்கம் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் பிள்ளைகளும், காலேஜ் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பையன்களும் வீட்டிலேயே ஜிம் வைக்கிறார்கள். மொட்டை மாடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு பெஞ்ச், ஒரு ராடு, நாலைந்து ஜோடி வெயிட் பிளேட். மூன்று மாசம் 'தங் தங்' என்று சத்தம் கேட்கும். அப்புறம் பிள்ளை விமானம் ஏறிவிடுவான். இரும்பு நம் தலையில்! கூட்டும்போது நகர்த்த வேண்டும், துடைக்கும்போது நகர்த்த வேண்டும். சந்தனக்கூடு சமயத்தில் விருந்தாளிகள் வந்தால் அந்தப் பெஞ்ச்தான் பைகள் வைக்கிற மேஜை. அந்தச் சாமானுக்கும் நமக்கும் அவ்வளவுதான் உறவு.

என் கருத்து என்னவென்றால், வீட்டுக்கென்று வெயிட் பிளேட் வாங்கினால் அந்த வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போதே நாமும் கூடப் போய், நம் கைக்கும் நம் வயசுக்கும் எது ஆகும் என்று கேட்டு வாங்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "நாமதான் தினமும் குடம் குடமா தண்ணி தூக்குறோமே, இதுக்கு மேல என்னத்தைத் தூக்க?" என்று என் பக்கத்து வீட்டு லாத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். ராமநாதபுரம் சீமையில் பிறந்த பெண்ணுக்குத் தண்ணீர்க் குடத்தின் கனத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிளாஸ்டிக் குடம் ஒன்றில் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்றால், இடுப்பில் பதினைந்து கிலோ. தள்ளுவண்டியில் எட்டுக் குடம் வைத்துத் தள்ளினால் அது நூறு கிலோவுக்கு மேல். கடலில் பாசி எடுக்கப் போகும் அக்காமார்களைக் கேட்டால் இன்னும் பெரிய கணக்குச் சொல்வார்கள்.

ஆனால் லாத்தாவுக்கு நான் சொன்ன பதில் இது. குடம் எப்போதும் ஒரே இடுப்பில்தான் ஏறும். உடம்பு ஒரு பக்கமாகவே சாய்ந்து, நடு முதுகும் முழங்காலும் தேய்கின்றன. குடத்தின் எடை இருபது வயசிலும் பதினைந்து கிலோ, ஐம்பது வயசிலும் பதினைந்து கிலோதான். உடம்பில் பலம் ஏற வேண்டுமானால் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், தூக்கிய பின் ஓய்வும் வேண்டும். தண்ணி லாரி வந்த நேரத்தில் ஓய்வுக்கு எங்கே போவது? வேலை நம்மைக் களைக்க வைக்கும், அவ்வளவுதான். அளவாகச் செய்யும் பயிற்சிதான் பலம் தரும்.

எனக்கு இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் என் மாமியார். அந்தக் காலத்தில் உரலைத் தனியாக உருட்டி வெயிலில் வைத்தவர். எழுபத்தொன்றாம் வயசில் பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்தார். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, உட்கார்ந்தார்! இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, எலும்பும் கூடியது. ஆனால் கட்டிலிலிருந்து தானாக எழுந்திருக்கிற தெம்பு திரும்பி வரவே இல்லை. "தூக்கி விடு தாயி, தூக்கி விடு தாயி" என்று ராத்திரி மூன்று தடவை கூப்பிடுவார். கூப்பிடுவதற்கு அத்தைக்கு ஒரே கூச்சம். நான் பகல் முழுக்க வேலை செய்கிறேனே என்று அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நாளைக்கு என் மருமகளை நான் இப்படிக் கூப்பிட வேண்டுமா?

மாதவிலக்கு நின்ற பிறகு வரும் சில வருஷங்களில்தான் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. சதையும் கூடவே குறைகிறது. கால்சியம் மாத்திரை டாக்டர் கொடுத்தால் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் எலும்பின் மேல் பாரம் விழுந்தால்தான் அது உறுதியாகிறது. ஆஸ்திரேலியாவில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிலக்கு நின்ற 101 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018-ல் வெளியானது. ஒரு பாதிப் பேர் வாரம் 2 நாள், அரை மணி நேரம், பயிற்சி தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, நல்ல கனமான எடையையே தூக்கினார்கள். மற்றப் பாதிப் பேர் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். 8 மாதம் கழித்துப் பார்த்தால், கனம் தூக்கியவர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி கூடியிருந்தது. லேசாகச் செய்தவர்களுக்குக் குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட அறிவுரையில், நடைப்பயிற்சி போக வாரம் 2 நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. சர்க்கரை இருக்கிறவர்களுக்கும் இது நல்லது. தசைதான் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும் இடம்.

"ஆம்பிளை மாதிரி ஆயிருவோமே" என்கிற பயம் வேண்டவே வேண்டாம். தசையை அப்படி ஊதவைக்கும் ஹார்மோன் நமக்கு ஆண்களைவிட மிகக் குறைவு. 2022-ல் சென்னையில் 56 வயது அம்மா ஒருவர் புடவை கட்டிக்கொண்டு, மருமகளோடு ஜிம்மில் எடை தூக்குவதை எல்லார் செல்போனிலும் பார்த்தோமே, அவர் ஆம்பிளை மாதிரியா இருந்தார்? மூட்டு வலி என்று ஐம்பது வயசுக்கு மேல் ஆரம்பித்தவர் அவர். பொள்ளாச்சிப் பக்கத்து 82 வயதுப் பாட்டி ஒருவர் 2024-ல் கோவையில் நடந்த போட்டியில் 50 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினார். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு எடை தூக்கும் போட்டி 1896-லேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 2000-ல்தான், சிட்னியில்தான் வந்தது. வந்த அந்த முதல் தடவையே ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் ஜில்லாவைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

நம் தென்சீமையில் இளவட்டக்கல்லைத் தூக்கிய மாப்பிள்ளைக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று கதை சொல்கிறோம். கல்லை ஒரு நாள் தூக்கியவனுக்கு அவ்வளவு பேர்! வருஷம் பூரா தண்ணி தூக்கியவளுக்கு? (நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் போட்டியில் இப்போது பெண்களும் கல் தூக்குகிறார்கள் என்பது ஒரு ஆறுதல்.)

சரி, சாமானுக்கு வருகிறேன். எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பெண்களுக்கென்று ஜிம் கிடையாது. கீழக்கரைக்கோ ராமநாதபுரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சோறாக்கி, பஸ் பிடித்து யார் போவது? ஆகவே வீட்டில் வைப்பதுதான் வழி. இரண்டு வருஷத்துக்கு முன் என் பையன் "அம்மா, 20 கிலோ செட் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன்" என்றபோது, நானும் கூட உட்கார்ந்து விசாரித்தேன். விசாரித்ததைச் சொல்கிறேன்.

கடையில் '20 கிலோ செட்' என்று கொடுப்பது பெரும்பாலும் 2 கிலோ பிளேட் நான்கு, 3 கிலோ பிளேட் நான்கு. கூட ஒரு மூன்றடி ராடு, டம்பெல்ஸுக்குக் குட்டை ராடு இரண்டு. பையன்களுக்கு இது போதும். நமக்கு இதில் ஒரு சிக்கல். ராடில் இரண்டு பக்கமும் போட வேண்டுமல்லவா? 2 கிலோ பிளேட்தான் சின்னது என்றால், ஒரே தாவலில் 4 கிலோ கூடிவிடும். பத்துக் கிலோ தூக்குகிற பெண்ணுக்கு 4 கிலோ கூடுவது என்பது ஐந்து பேருக்கு உலை வைத்த இடத்தில் ஏழு பேர் சாப்பிட வந்து நிற்பது மாதிரி. சமாளிக்க முடியாமல் அங்கேயே நின்றுவிடுவோம், அல்லது முதுகைப் பிடித்துக்கொள்வோம். ஆகவே 1 கிலோ அல்லது 1¼ கிலோ பிளேட் இரண்டு ஜோடி தனியாகக் கேட்டு வாங்குங்கள். அரைக் கிலோ கிடைத்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் "அதெல்லாம் யாரும் வாங்குறதில்லைம்மா" என்பார். நாம் வாங்குவோம்.

ராடின் எடையையும் கேளுங்கள். அந்த 20 கிலோவில் அது சேர்த்தியா, சேராததா? நீளமான ராடு வெறுமனேயே ஐந்தாறு கிலோ இருக்கும். போட்டிகளில் பெண்களுக்கான ராடு 15 கிலோ, ஆண்களுக்கானது 20 கிலோ. அதைவிட முக்கியம், பெண்களுக்கான ராடின் பிடி 25 மில்லிமீட்டர்தான், ஆண்களுக்கு 28. மூன்று மில்லிமீட்டர் என்ன பெரிசு என்று நினைக்காதீர்கள். கை சுற்றி வளைத்துப் பிடிக்க முடியாவிட்டால் முதலில் விரல்தான் வலிக்கும், தூக்குவதே வெறுத்துப் போகும். வீட்டு செட்டில் இந்த அளவெல்லாம் எழுதியிருக்காது. கடையில் நீங்களே பிடித்துப் பாருங்கள், கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டால் சரி.

பிளேட்டின் ஓட்டையிலும் இரண்டு விதம் உண்டு. சாதாரண ராடுக்கு ஓட்டை ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல், ஒலிம்பிக் ராடுக்கு இரண்டு அங்குலம். ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது. துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய ராடு ஒரு வகை, இங்கே வாங்கிய பிளேட் இன்னொரு வகை என்று எங்கள் உறவில் ஒரு வீட்டில் இரண்டும் சும்மா கிடக்கின்றன.

இனிமேல் சொல்லப்போவது எங்களைப் போலக் கடலோரத்தில் இருக்கும் சகோதரிகளுக்கு முக்கியம். உப்புக் காற்று! ஜன்னல் கம்பி, கேட், கிரைண்டர் அடி, ஸ்டவ் எதை விட்டு வைத்திருக்கிறது? உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிடித்து இரும்பின் மேல் வைத்துக்கொள்ளும். அது மழை இல்லாத மாதத்திலும் துரு ஏற்றும்.

பிளேட்டில் மூன்று வகை கண்ணில் படும். முதல் வகை பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமென்ட் கலவை அடைத்தது. விலை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் சிமென்ட்டைவிட இரும்பு மூன்று மடங்கு கனம் என்பதால் இது அதே எடைக்குப் பூரிக்கட்டை மாதிரி தடித்து நிற்கும். ராடில் இரண்டு மூன்றுக்கு மேல் ஏறாது. கை தவறிப் போட்டால் ஓடு வெடித்து, வீடெல்லாம் சிமென்ட் தூள். இரண்டாவது ரப்பர் பூசிய இரும்பு. பார்க்க அழகு, சத்தமும் குறைவு. ரப்பர் கீறும் வரை சரி, கீறினால் உள்ளே உப்பு ஈரம் இறங்கி வெளியே தெரியாமல் அரிக்கும். நடு ஓட்டையில் இருக்கும் இரும்பு வளையம்தான் முதலில் பழுப்பாகும். மூன்றாவது வெறும் வார்ப்பிரும்பு, பெயின்ட் அடித்தது. என் ஓட்டு இதற்குத்தான். துருப்பிடிக்கும், ஆமாம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்து பிடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே ஒரு பூச்சு பெயின்ட் கொடுத்தால் மறுபடி புதுசு. படகுக்காரர்கள் நங்கூரத்துக்குச் செய்கிற அதே வைத்தியம். இரும்பு உடையாது, கெடாது, உங்களுக்குப் பின் உங்கள் பேத்திக்கும் ஆகும். பழசாக யாராவது விற்றாலும் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும், எடை அதே எடைதான்.

ராடுக்கு மட்டும் கவனம் அதிகம். பளபளவென்று குரோம் பூசிய ராடு எங்கள் ஊரில் ஒரு வருஷத்தில் கொப்புளம் கொப்புளமாகிறது. பூச்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், அதன் வழியே உப்பு இறங்கிவிடும். வியர்வையும் உப்புதானே! வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டுத் தடவி வைக்கிறேன். மொட்டை மாடியில் வைக்கவே வைக்காதீர்கள்.

வாங்கி வந்ததும் பிளேட்டைத் தராசில் போடுங்கள். எங்கள் உறவுப் பெண் ஒருத்தி போன் மூலம் வரவழைத்த 5 கிலோ பிளேட் இரண்டை மளிகைக் கடைத் தராசில் போட்டபோது, ஒன்று 4 கிலோ 600 கிராம், மற்றது 5 கிலோ 100 கிராம். அரைக் கிலோ அரிசி குறைந்தால் சும்மா விடுவோமா? இது இன்னும் மோசம், ஒரு பக்கம் கனம் ஒரு பக்கம் லேசு என்றால் உடம்பும் அப்படியே கோணும். தரையில் டைல்ஸ் இருந்தால் மாட்டுத் தொழுவத்துக்கு விற்கும் தடித்த ரப்பர் மேட் வாங்கிப் போடுங்கள். ஜிம் மேட் என்று பெயர் சொல்லி விற்பதைவிட விலையும் தேவலை, உறுதியும் தேவலை. பிளேட் கழலாமல் இருக்க ராடின் முனையில் மாட்டும் பூட்டு, திருகும் வகையாக இருக்கட்டும். ஸ்பிரிங் கிளிப் துருவேறினால் பிடி தளர்ந்துவிடும். பெஞ்ச் வாங்கினால் ஆடாத பெஞ்ச், நம் கால் தரையில் படுகிற உயரம். இல்லாவிட்டால் கெட்டியான மர ஸ்டூல் போதும்.

டிரெட்மில், ஆடும் பெல்ட், வயிற்றைக் குறைக்கும் மிஷின் இதெல்லாம் வேண்டாம். டிரெட்மில் துணி காயப்போடும் கொடியான வீடுகளை நானே மூன்று பார்த்திருக்கிறேன். கடற்கரைக் காற்றுக்கு அதன் மோட்டாரும் தாங்காது. நடக்கத்தான் தெரு இருக்கிறதே!

நான் செய்வது அதிகமில்லை. திங்கள், வியாழன் மத்தியானம், சமையல் முடிந்த கையோடு அரை மணி. ஸ்டூலில் உட்கார்ந்து எழும் பஸ்கி, தரையிலிருந்து ராடை முதுகு வளையாமல் தூக்கி வைப்பது, இடுப்பில் குனிந்து நெஞ்சுக்கு இழுப்பது, தலைக்கு மேல் தூக்குவது. எட்டு எட்டாக மூன்று தடவை. வெறும் ராடில் ஆரம்பித்தேன், இப்போது தரையிலிருந்து 24 கிலோ தூக்குகிறேன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை நகர்த்த யாரையும் கூப்பிடுவதில்லை. முதல் இரண்டு மாசம் என் பையன் பக்கத்தில் நின்று "முதுகை நேரா வைம்மா, மூச்சை அடக்காதம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சொல்லித் தர ஒருவர் இருப்பது அவசியம். ரத்தக் கொதிப்பு, இருதய நோய் உள்ளவர்கள், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. ராடிலிருந்து பிளேட்டைக் கழற்றும்போது ஒரு பக்கம் பூராவும் கழற்றிவிடாதீர்கள், மறுபக்கம் சாய்ந்து காலில் விழும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பிளேட்டைச் சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்க வையுங்கள்.

காசு விஷயம் பேசாமல் முடியாது. "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று போனில் என் வீட்டுக்காரரும் கேட்டார். ராத்திரி மூன்று தடவை உங்கம்மாவைத் தூக்குகிறேனே, அதற்குத்தான் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. 1 கிலோ பிளேட் இரண்டு ஜோடிக்குச் சேர்த்துப் பணம் அனுப்பினார். அத்தைக்கும் டாக்டரைக் கேட்டு, கட்டிலில் உட்கார்ந்தபடி அரைக் கிலோ தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துத் தூக்கச் சொல்கிறேன். முனகிக்கொண்டே செய்கிறார்.

எங்களைப் போலக் கடலோரத்தில் இருக்கும் சகோதரிகள் யாராவது ரப்பர் பூசிய பிளேட்டையோ ஸ்டீல் ராடையோ ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால், அது எப்படித் தாங்கியது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். என் தங்கை தூத்துக்குடியில் வாங்கப் போகிறாள், என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

- ஓர் இல்லத்தரசி, ஏர்வாடி, ராமநாதபுரம் மாவட்டம்.